நேர்த்திக்கடன்: நம்மவரும் பண்டைக் கிரேக்கரும்

(கலவானப் பகுதி இந்து வாலிபர் கூடிய ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நேர்த்திக்கடன். ஆண்டுவிழா மேடையில் இதைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆயினும், ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சிகளை உண்டாக்குவதற்கு இதைப்போல் ஒரு பொருள் நம் தோட்டங்களில் வேறில்லை. தாய் அம்மனை வேண்டி மஞ்சள் துணியிற் காசு முடிந்து வைக்கிறாள். கல்லூரியிற் படிக்கும் மகன், "சாமிக்கும் கைக்கூலியா?" என்று கேட்கிறான். "வாயை அடக்கு, அம்மன் கடனை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் விளங்காது" என்கிறார் பாட்டனார். மகன் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டனாரின் அச்சத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் கோபமின்றிக் கேட்க வேண்டுமானால், சற்றுத் தூரத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஆகவே இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கர் இதனை எவ்வாறு செய்தனர் என்பதையும், நாம் எவ்வாறு செய்கின்றோம் என்பதையும் ஒருசேர வைத்துப் பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

முதலிற் சொல்லைப் பார்ப்போம். நேர்தல் என்றால் இசைதல், தருவதாக உடன்படுதல். கடன் என்பதற்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு: ஒன்று கடமை, மற்றது திருப்பிக் கொடுக்க வேண்டியது. நேர்த்திக்கடன் இரண்டுமாகும். தோட்டப் பேச்சில் இதனையே வேண்டுதல் என்கிறோம். வேண்டுதல் என்பது கேட்பதையும் குறிக்கிறது, கேட்டபோது கொடுத்த வாக்கையும் குறிக்கிறது. கிரேக்க மொழியில் 'யூக்கே' என்றொரு சொல் உண்டு. அதற்கும் பிரார்த்தனை, நேர்த்தி என இதே இரண்டு பொருள்கள். செலுத்தப்பட்ட பொருளை அவர்கள் 'அனாதிமா' என்றனர். தெய்வத்தின் முன் எடுத்து வைக்கப்பட்டது என்பது கருத்து. எங்கள் அயலவரான சிங்கள மக்களும் நேர்த்தியைப் 'பாரய' என்கின்றனர். நம் பாரம் என்ற சொல்லும் அதுவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. தெய்வத்தின் பொறுப்பில் விட்டோம் என்பதே அதன் உட்பொருள். அவர்கள் காசைக் கழுவி வெள்ளைத் துணியில் முடிகின்றனர். நாம் மஞ்சள் துணியில் முடிகின்றோம். இரத்தினபுரிச் சமன் தேவாலயத்திலும் கதிர்காமத்திலும் இரண்டு முடிச்சுகளும் ஒரே வாசலுக்குத்தான் போகின்றன.

கண்ணும் காலும் கையும்

கிரேக்க நாட்டிலே கொரிந்து என்ற பழைய நகரம் ஒன்று உண்டு. அங்கே நோய் தீர்க்கும் தெய்வமாகிய அஸ்கிலேப்பியசுக்கு ஒரு கோயில் இருந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க அகழ்வாய்வாளர் அந்த இடத்தைத் தோண்டியபோது சுட்ட மண்ணாற் செய்த கைகள், கால்கள், காதுகள், கண்கள், மார்பகங்கள் ஏராளமாகக் கிடைத்தன. பல, உண்மையான உறுப்பின் அளவே உள்ளவை. எந்த உறுப்பில் நோயோ அந்த உறுப்பின் உருவத்தைச் செய்து கோயிலில் வைத்தனர் அக்காலத்து மக்கள். இன்று அவை கொரிந்து நூதனசாலையில் உள்ளன.

இதைக் கேட்டவுடன் நமக்குச் சமயபுரமும் வைத்தீசுவரன் கோயிலும் நினைவுக்கு வரும். கண் நோய் தீர்ந்தவர் கண்மலர் செலுத்துவதும், கால் நோய் தீர்ந்தவர் வெள்ளியிற் கால் உருவம் வாங்கி உண்டியலில் இடுவதும், பிள்ளை வரம் வேண்டியவர் தொட்டில் கட்டுவதும் நாம் அறிந்தவையே. தமிழ்நாட்டில் ஐயனார் கோயில்களில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளும் நேர்த்திக்குச் செய்து வைத்தவைதாம். கிரேக்கப் பெண்கள் பிள்ளைப்பேறு சுகமாய் முடிந்தால் பிரவுரோன் என்ற ஊரில் ஆர்ட்டெமிஸ் தேவிக்குத் தம் ஆடைகளைச் செலுத்தினர். ஆண்பிள்ளைகள் வளர்ந்ததும் தலைமயிரை வெட்டி ஆற்றுத் தெய்வத்துக்குக் கொடுப்பதும் உண்டு. கதிர்காமத்துக்குப் போய் மொட்டையடித்து மாணிக்க கங்கையில் முழுகி வருகிற நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

கொள்ளைநோயும் இவ்வாறே. ஏதென்ஸ் நகரத்தைக் கி.மு. 430 முதற் சில ஆண்டுகள் ஒரு பெருங்கொள்ளைநோய் வாட்டியது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்குள், கி.மு. 420இல், அஸ்கிலேப்பியசை அந்நகரத்தார் தம் ஊருக்கு எழுந்தருளச் செய்தனர். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து தோட்டம் தேடி வந்தபோது மாரியம்மனையும் உடன் கொண்டுவந்தனர். அம்மை நோய் அவர்களை விட்டபாடில்லை. 1980ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகத்தை விட்டு ஒழிந்தது என்று அறிவித்தது. நோய் போயிற்று, அம்மன் போகவில்லை. அச்சத்தினால் மட்டும் கும்பிட்டிருந்தால் அந்த ஆண்டோடு கரகமும் தீச்சட்டியும் நின்றிருக்க வேண்டுமன்றோ?

தொழிலும் தெய்வமும்

கிரேக்கர் நோய்க்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் நேர்ந்தனர். கொரிந்துக்கு அருகே பெந்தெஸ்கூபியா என்னுமிடத்தில் 1879இல் வண்ணந் தீட்டிய மண்பலகைகள் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்தன. குயவர் பலர் பொசைடன் தெய்வத்துக்கு வைத்தவை அவை. மண் தோண்டுவதும், சக்கரம் சுற்றுவதும், சூளையில் தீ மூட்டுவதும் அவற்றிலே தீட்டப்பட்டுள்ளன. தாம் செய்யும் வேலையையே படமாக்கித் தெய்வத்தின் முன் வைத்திருக்கிறார்கள். சூளை பிளந்தால் ஒரு குயவனின் பல நாள் உழைப்பும் ஒரே இரவில் போய்விடும்.

நம் மலைகளிலும் இதுவே. தேயிலைத் தொழிற்சாலையின் உருளையில் கை சிக்காமல் காப்பவர் ரோதமுனி. கவ்வாத்துத் தொடங்கும் நாளிற் கத்தியை வைத்துக் கும்பிடுவது கவ்வாத்துச்சாமியை. இந்தத் தெய்வங்களின் பெயரைப் பழைய சாத்திரங்களில் தேடினாற் கிடையா. தொழிலும் அதன் ஆபத்தும் புதிது. ஆதலால் தெய்வத்தின் பெயரும் புதிதாயிற்று. கலவானப் பக்கத்தில் மாணிக்கக்குழி தோண்டுவோரும் நல்ல நேரம் பார்த்து விளக்கேற்றிய பின்பே மண்வெட்டியை எடுக்கின்றனர். குழிக்குள் இறங்குகிறவனுக்கு மேலே ஏறி வருவது நிச்சயமில்லை. நிச்சயமில்லாத தொழில் எங்கு உண்டோ அங்கு நேர்த்தியும் உண்டு.

எவ்வளவு கொடுப்பது?

இனி நமக்கு முக்கியமான கேள்விக்கு வருவோம். எவ்வளவு கொடுப்பது? காவடிக்கும் அன்னதானத்துக்கும் கதிர்காமப் பயணத்துக்குமாகத் தோடு அடகுக்குப் போவதையும், வட்டிக்குப் பணம் வாங்குவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாமி கடன் ஒரு நாளில் தீர்ந்துவிடும். அடகுக் கடன் ஆண்டுக்கணக்கில் தீராது. பக்கத்து வீட்டார் இரண்டு ஆட்டைக் கொடுத்தால் நாம் மூன்று கொடுக்க வேண்டும் என்று போட்டி போடுவதும் உண்டு. அது நேர்த்தி அன்று.

எபிடோரஸ் என்ற கோயிலில் தெய்வம் நோய் தீர்த்த வரலாறுகளைக் கி.மு. நான்காம் நூற்றாண்டிற் கல்லில் வெட்டி வைத்தனர். அவற்றுள் ஒன்று யூபானிஸ் என்ற சிறுவனைப் பற்றியது. அவனுக்குக் கல்லடைப்பு நோய். கோயிலிற் படுத்து உறங்குகிறான். கனவிலே தெய்வம் தோன்றி, குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய் என்று கேட்கிறது. சிறுவனிடம் என்ன இருக்கும்? விளையாடும் கழங்குகள் பத்து இருந்தன. அவற்றைத் தருகிறேன் என்கிறான். தெய்வம் சிரித்துவிட்டுக் குணமாக்குகிறது. இந்தக் கதையை அக்கோயிலார் மறைக்கவில்லை. வருகிறவர் எல்லாரும் காணக் கல்லில் வெட்டி நிறுத்தினர். பத்துக் கழங்கும் போதும் என்று கோயிலே சொல்லியதாகும் அது.

இன்னொரு கதை. ஆசியாவைச் சேர்ந்த ஒரு செல்வன் ஏராளமான மாடுகளைப் பலியிட்டுவிட்டு, தெய்வத்தை மிக நன்றாக வழிபடுகிறவர் யார் என்று டெல்பி ஆலயத்திற் கேட்டான். தன் பெயர் வரும் என்பது அவன் எண்ணம். ஆர்க்கேடியா நாட்டுச் சிற்றூரில் வாழும் கிளியார்க்கஸ் என்ற எளியவனின் பெயர் வந்தது. தேடிப்போய்ப் பார்த்தபோது அவன் செய்ததெல்லாம் இவ்வளவே: மாதந் தவறாமல் திருவுருவங்களைத் துடைத்து மாலை சூட்டி, வீட்டில் உள்ள பண்ணியத்தைப் படைப்பது. மாடு ஒன்றையும் அவன் வெட்டவில்லை. நாளைத் தவறவிடவும் இல்லை. இலையும் நீரும் போதும் என்று நம் பெரியோர் சொல்லியதும் இதுவே.

அளவுக்கு மீறி நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கி.மு. 490இல் பாரசீகப் படை மாரத்தான் கடற்கரையில் இறங்கியபோது, எத்தனை பகைவரைக் கொல்கிறோமோ அத்தனை வெள்ளாடுகளை ஆர்ட்டெமிசுக்குத் தருவதாக ஏதென்ஸ் மக்கள் நேர்ந்தனர். போரில் இறந்த பாரசீகர் 6400 பேர் என்று எரொடோட்டஸ் எழுதுகிறார். அத்தனை ஆடுகளுக்கு எங்கே போவது? ஆண்டுக்கு 500 ஆடாகக் கொடுப்போம் என்று ஊர் கூடித் தீர்மானித்தது. கணக்குப்படி 13 ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்த பின்பும் அது நடந்துவந்ததாகச் செனபன் சொல்கிறார். இதில் நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. நேர்ந்ததைத் தவணையாகத் தீர்ப்பதில் குற்றமில்லை. ஒரு வீட்டுக்குப் பாரமானதை ஊர் சேர்ந்து தாங்கலாம்.

மறுப்பவர் சொல்வது

இளைஞர் கேட்கும் கேள்வியும் பழையதே. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சோக்கிரதீஸ், அப்படியானால் பக்தி என்பது தேவருக்கும் மனிதருக்கும் இடையிலான வியாபாரமோ என்று கேட்கிறார். அவரைவிடக் கடுமையாகக் கேட்டவர் டயோஜினிஸ். சமோத்திராக்கி என்ற தீவிலே, கடலில் அகப்பட்டுத் தப்பியவர்கள் வைத்த காணிக்கைகள் நிறைந்த கோயில் இருந்தது. அதைக் கண்டு ஒருவர் வியந்தபோது, தப்பாமல் மூழ்கினவர்களும் வைத்திருந்தால் இன்னும் எவ்வளவோ இருந்திருக்கும் என்றாராம் டயோஜினிஸ். வேறு சிலர் இதனை டயாகோரஸ் என்பவரின் கூற்றாகச் சொல்வர்.

இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அன்று. குணமானவர் கண்மலர் செலுத்துகிறார். குணமாகாதவர் வெறுங்கையோடு திரும்புகிறார். ஆகவே கோயிலிற் குணமானவரின் கணக்கு மட்டுமே தெரிகிறது. நேர்த்தி வைத்தால் நோய் தீரும் என்பதற்குக் கோயிற் காணிக்கைகள் சாட்சி ஆகா. இதனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவுடன் காசு முடிந்துவிட்டு மூன்று நாள் காத்திருக்க மாட்டோம். காசையும் முடிவோம்; அப்பொழுதே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஏதென்ஸ் நகரத்து அரச வைத்தியர்கள் ஆண்டுக்கு இருமுறை தமக்காகவும் தாம் குணமாக்கிய நோயாளருக்காகவும் அஸ்கிலேப்பியசுக்குப் பலியிடுவது வழக்கம் என்று அந்நகரத்துக் கல்வெட்டொன்று கூறுகிறது. வைத்தியமும் வழிபாடும் அங்கே ஒன்றையொன்று தள்ளவில்லை.

வியாபாரம் என்ற குற்றச்சாட்டுக்கு என்ன விடை? வியாபாரத்திற் சரக்கு வராவிட்டாற் பணம் கொடுப்பாரில்லை. ஆனால் நம் தாய்மார் எத்தனை பேர், பிள்ளை பிழைக்காத பின்பும் நேர்ந்த பாற்குடத்தை எடுத்திருக்கிறார்கள்! அவர்களிடம் போய் அது வியாபாரம் என்று சொல்ல முடியுமா? துன்பம் வந்த வேளையில் ஒரு வாக்குக் கொடுத்தோம். துன்பம் போனாலும் போகாவிட்டாலும் வாக்கு நின்றது. அதுதான் நேர்த்தி. சாகப்போகும் வேளையிற் சோக்கிரதீஸ் தம் நண்பரிடம் கடைசியாகச் சொன்னது, அஸ்கிலேப்பியசுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறவாமற் கொடுத்துவிடுங்கள் என்பதே. கி.மு. 399இல் நடந்தது இது. அவர் பிழைக்கவில்லை. வியாபாரமோ என்று கேட்டதாகச் சொல்லப்படும் அதே மனிதர், கடனை வைத்துவிட்டுப் போக மனமில்லாதவராக இருந்தார்.

பலி

ஆட்டுக்கும் சேவலுக்கும் வருவோம். கிரேக்கர் பலியில் எலும்பையும் கொழுப்பையும் தெய்வத்துக்கு எரித்துவிட்டு இறைச்சியை ஊரார் பங்கிட்டு உண்டனர். வெட்டுமுன் ஆட்டின் தலையில் நீர் தெளித்து, அது உடல் நடுங்கினாற்றான் தெய்வம் ஏற்றது என்று டெல்பியிற் கொண்டதாகப் புளூட்டாக் எழுதுகிறார். மற்றக் கோயில்களிலும் அது சம்மதமாகக் கொள்ளப்பட்டதா என்பதில் இக்கால ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் முனியாண்டி கோயிலில் மஞ்சள் நீர் தெளித்து, ஆடு சிலிர்த்தால் உத்தரவு கிடைத்தது என்பார்கள். கொல்வதற்கு முன் கேட்க வேண்டும் என்று இரண்டு இடத்தாருக்கும் தோன்றியிருக்கிறது. மனம் கூசியிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தக் கூச்சத்தை மதித்து, பூசணியும் எலுமிச்சையும் வெட்டும் வழக்கத்துக்குப் பல கோயில்கள் மாறிவிட்டன.

ஆயினும் ஒன்று சொல்வோம். ஆட்டை நிறுத்துவது அதட்டலால் ஆகாது. சென்னை மாநிலத்தில் 1950இல் உயிர்ப்பலித் தடைச் சட்டம் வந்தது. அது ஐம்பது ஆண்டுகள் ஏட்டில் இருந்தது. 2003இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினர். 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அதட்டிப் பார்த்ததன் பலன் அது. அந்த ஆட்டுக்கறி, ஆண்டில் ஒருநாள் லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் போகும் பங்கு. ஆட்டை நிறுத்தச் சொல்கிறவர்கள் அந்தப் பங்குக்குப் பதிலாக ஒரு பந்தியைப் போடட்டும். பின்பு பேசினாற் கேட்பார்கள்.

பெயர்

கடைசியாக ஒரு பொருள். எங்கள் மனத்தில் மிகவும் பாரமாக இருப்பது இதுவே.

கிரேக்கர் காணிக்கைப் பொருளிற் பெயரை வெட்டி வைத்தனர். இன்னார் என்னை இத்தெய்வத்துக்கு வைத்தார் என்று அந்தப் பொருளே பேசுவதுபோல எழுதுவதும் உண்டு. ஏதென்சிலே கோயிற் பொருள்களைக் காலந்தோறும் எண்ணி, யார் வைத்தது, என்ன எடை என்று கல்லில் எழுதினர். கி.மு. 221இல் வைத்திய வீரன் என்ற சிறு தெய்வத்தின் கோயிலில், சேர்ந்துபோன வெள்ளிக் காணிக்கைகளை உருக்கி ஒரு வார்க்கும் பாத்திரம் செய்யத் தீர்மானித்தார்கள். உருக்குமுன் அவற்றைக் கொடுத்தவர்களின் பெயர்களையும் கொடுத்த பொருள்களையும் கல்லில் வெட்டினார்கள். வெள்ளி போயிற்று, பெயர் இன்றும் இருக்கிறது. போர்த்தலைவர் அல்லாத சாதாரண ஆண்களும் பெண்களும் அங்கே வாழ்ந்தார்கள் என்பது அத்தகைய கற்களாலேயே உலகத்துக்குத் தெரிகிறது.

நம் நிலை என்ன? தோட்டத்தில் நம் பெயர் எழுதப்பட்ட இடம் செக்ரோல். அங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை; 'அரைப்பேர்' என்றால் அரைநாட் சம்பளம். மனிதனின் பெயரே கூலியின் அளவாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரின் பெயரை நாட்டின் ஏட்டிலிருந்து விலக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கையாற் குறித்தது. அவர்கள் யார் யார் என்று யார் சொல்வார்? 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் கைக்கு வந்தன. துரைமார் மாறும்போது ஏடுகளும் மாறின. 1983இன் வன்செயலும் 2003, 2017ஆம் ஆண்டு வெள்ளங்களும் இரத்தினபுரி மாவட்டத்தில் விட்டுவைத்தவை கொஞ்சமே.

ஆனால் கோயிலுக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். மணியிலே 'உபயம்' என்று ஒரு பெயர். குத்துவிளக்கின் அடியில் ஒரு பெயர். பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு பெயர். கங்காணி எழுதாத, துரை கேட்காத பெயர்கள் அவை. பால்வெட்டியும் கொழுந்தெடுத்தும் மிச்சம் பிடித்த காசிலே, தாமே விரும்பி எழுதிவைத்தவை. ஒரு நோய்க்காக, ஒரு பிள்ளைக்காக, கடல் கடந்து போகுமுன் கடைசியாக ஒரு கும்பிடுக்காகச் செய்தவை. பித்தளையைத் துலக்கத் துலக்க எழுத்துத் தேய்கிறது. ஓட்டை மணியைக் கொடுத்துப் புது மணி வாங்குகிறோம். ரியூப் லைட் உபயம் எரிந்துபோனால் பெயரும் அதனுடன் குப்பைக்குப் போகிறது.

ஆதலின் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, இவ்வாண்டு திருவிழாவுக்கு முன் வாலிபர்கள் தத்தம் தோட்டக் கோயிலுக்குச் சென்று, அங்குள்ள ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதிப் படமும் எடுக்க வேண்டும். பெரியவர்களிடம் அந்தப் பொருள் எதற்காக நேரப்பட்டது என்று கேட்டு அதையும் எழுத வேண்டும். இரண்டாவது, எதையும் விற்பதற்கும் உருக்குவதற்கும் முன் அந்தப் பெயரைச் சுவரிற் பொறிக்கக் கோயிற் கமிட்டி தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது, நேர்த்திக்காக எவரும் நகை அடகு வைக்க நேராதபடி, காவடிக்கும் அன்னதானத்துக்கும் ஊர்ப்பொதுவில் ஒரு நிதி வேண்டும். கோயிற் சந்தாவைச் செக்ரோலில் பிடிக்க இசைந்த நாம், இதற்கும் சிறிது ஒதுக்க இசைய மாட்டோமா?

படித்த மகனுக்கு அந்தக் கொப்பியையும் பேனாவையும் கொடுங்கள். பாட்டனார் அருகிலிருந்து சொல்லட்டும், அவன் எழுதட்டும். தாயார் முடிந்துவைத்த காசு யாருக்காக முடிந்தது என்பதை அவன் அப்போது அறிவான். பெரும்பாலும் அது அவனுக்காகத்தான் இருக்கும்.